மணவாள நகரின் வானம்

திருவள்ளூர் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வீரராகவப் பெருமாள் கோயிலும், அமாவாசைக் கூட்டமும், திருக்குளத்தில் கரைக்கிற வெல்லமும்தான் ஞாபகத்துக்கு வரும். மணவாள நகரை யாரும் நினைப்பதில்லை. பெயரில் மட்டும் பெருமாள் வாசனை அடிக்கிறது; மற்றபடி ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் விரையும் லாரிகள், கம்பெனி பஸ்கள், ஷிப்டு முடிந்து டிபன் கூடையுடன் ஸ்கூட்டரில் திரும்பும் பெண்கள் — இவைதான் அதன் அழகு. 1998-ல் லான்ஸர் கார் வெளிவந்தது இந்தப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்துதான்.

ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அதைப் பார்க்க மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். மேற்கே ஓர் ஓடுபாதை, கிழக்கே ஓர் ஓடுபாதை. இரண்டுக்கும் நடுவிலே மணவாள நகர்!

மேற்கே, ரயிலில் போனால் 27 கிலோமீட்டரில் அரக்கோணம். அங்கேதான் ‘ராஜாளி’ என்ற கடற்படை விமான தளம். 1992 மார்ச்சில் ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன் அதைத் துவக்கி வைத்தார். கடலே கண்ணுக்குத் தெரியாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அங்கே இருக்கும் ஓடுபாதை சுமார் 4 கிலோமீட்டர் நீளம். கடலை வேவு பார்க்கும் பெரிய விமானங்கள் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் அங்கேதான்.

கிழக்கே, செங்குன்றம் தாண்டிச் சோழவரம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியைச் சொல்லவில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்து விமானத் திடலைச் சொல்கிறேன். யுத்தம் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன. 1950-களில் கார்ப் பந்தயக்காரர்கள் அந்தச் சிமெண்டுத் தரையைப் பிடித்துக் கொண்டார்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடல் வரும் வரையில் சென்னைவாசிகளுக்குச் சோழவரம் என்றால் கார்ப் பந்தயம்தான்!

ஓடுபாதை என்பது விமானம் கிளம்புவதற்கு என்றுதான் நாம் நினைக்கிறோம். விமானமோட்டியைக் கேட்டால், இறங்குவதற்கு என்பார். மேலே ஏறுவதைப் புதிதாகக் கற்பவர் சீக்கிரம் பிடித்துக் கொள்வார். இறங்குவதுதான் பெரும்பாடு. வேகத்தைக் குறைக்க வேண்டும். பக்கத்துக் காற்றுக்கு ஈடு கொடுக்க வேண்டும். தரைக்குச் சில அடி உயரத்தில் மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் விமானம் தவளை மாதிரி எம்பிக் குதிக்கும். அல்லது ஒரு பக்கமாக இழுத்துக் கொண்டு ஓடும். நம் நாட்டில் சொந்த விமானம் ஓட்டும் லைசென்ஸுக்கு 17 வயதும், குறைந்தது 40 மணி நேரப் பறத்தலும் வேண்டும். அந்த 40 மணியில் பெரும்பகுதி, ஏறி ஒரு வட்டம் அடித்து இறங்குவதிலேயே போய்விடும்.

அப்படியும் ஒருநாள் இறங்கும்போது விபத்து நேர்ந்துவிட்டால்? உடைந்த சக்கரத்தை மெக்கானிக் மாற்றிவிடுவார். உடைந்த மனசை யார் மாற்றுவது?

இதற்குப் பதில் சொல்ல ஒரு பெண் இருந்தார். பெயர் எமி ஜான்ஸன். இங்கிலாந்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக் கொண்டிருந்தவர். 1929-ல் லைசென்ஸ் வாங்கினார். மறு வருஷம் மே 5-ம் தேதி ‘ஜேஸன்’ என்ற பழைய மாத் விமானத்தில் தன்னந்தனியாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிட்டார். வயது 26. அதற்கு முன் அவர் தனியாகப் பறந்த அதிக தூரம், லண்டனிலிருந்து பிறந்த ஊரான ஹல் வரையில்தான்!

ஆறாம் நாள் கராச்சி வந்து சேர்ந்தார். அது ஒரு சாதனை. அடுத்த நாள் ஜான்ஸிக்கு மேலே பெட்ரோல் தீரும் நிலை. கண்ணில் பட்ட பட்டாளத்துக் கவாத்து மைதானத்தில் இறக்கினார். விமானம் நிற்காமல் ஓடி, சிப்பாய்களின் கட்டடங்களுக்கு இடையே போய்ச் செருகிக் கொண்டது. இறக்கையில் காயம். ஜான்ஸி ராணியின் ஊரல்லவா? உள்ளூர்த் தச்சர் வந்து மரத்தைச் செப்பனிட்டார். மறுநாளே எமி மேலே ஏறிவிட்டார்.

கல்கத்தாவுக்கு அப்பால் பர்மாவில் மழை. நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் பிழைக்கப் போயிருந்த ரங்கூனுக்கு அருகே, இன்ஸீனில் ஒரு தொழிற்கல்லூரியின் விளையாட்டு மைதானத்தில் இறங்கினார். இந்தத் தடவை பள்ளத்தில் பாய்ந்தது விமானம். சுழலி உடைந்தது, சக்கரத் தாங்கி போயிற்று, இறக்கை கிழிந்தது. கல்லூரிக்காரர்கள் கூடினார்கள். விமான இறக்கைக்கு வேண்டிய துணிக்கு எங்கே போவது? பழைய யுத்தத்தில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அங்கே இருந்தன. அவற்றைப் பிரித்து இறக்கைக்கு ஒட்டுப் போட்டார்கள். மூன்றாம் நாள் புறப்பட்டு, மே 24-ம் தேதி டார்வின் சேர்ந்தார்.

கதை அதோடு முடிந்தால் சுபம். பிரிஸ்பேனில் ஆயிரக்கணக்கான ஜனங்களின் கண்ணெதிரே ‘ஜேஸன்’ குப்புறக் கவிழ்ந்தது! எமிக்குக் காயமில்லை. 1931 ஜனவரியில் போலந்தில் இன்னொரு விபத்து. அதே ஜூலையில் துணை ஒருவருடன் டோக்கியோ வரை பறந்தார். 1932-ல் தனியாகக் கேப்டவுனுக்குப் பறந்து பழைய ரிக்கார்டை முறியடித்தார். பழைய ரிக்கார்டு யாருடையது தெரியுமா? அவருடைய கணவருடையது! 1941-ல், யுத்த காலப் பணியில் விமானம் ஒன்றைக் கொண்டு போகும்போது தேம்ஸ் நதி முகத்துவாரத்தில் விழுந்து மறைந்தார். ‘ஜேஸன்’ இன்றும் லண்டன் மியூஸியத்தில் தொங்குகிறது.

எமியிடம் பயம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பயத்தை நியாயம் பேசி விரட்ட முடியாது என்பது பறக்கக் கற்றுக் கொடுப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே, விபத்துக்குப் பின் திரும்பி வருகிறவருக்கு அவர்கள் உபதேசம் செய்வதில்லை. முதலில் விபத்துக்குக் காரணத்தைத் தெளிவாகக் கண்டுபிடிப்பார்கள். பிறகு பக்கத்தில் அமர்ந்து கொண்டு, காற்று அடங்கிய காலை வேளையில், ஒரு சின்ன வட்டம் அடிக்கச் சொல்வார்கள். இறக்கம் சரிப்படவில்லையா? தரையைத் தொடாமலே மறுபடி ஏறி இன்னொரு சுற்று வரலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை. பத்துத் தடவை நன்றாக இறங்கிய பிறகு கைக்கும் காலுக்கும் நம்பிக்கை வந்துவிடும். மனசு அதன் பின்னால் வந்து சேரும்.

இது விமானமோட்டிகளுக்கு மட்டுமா? மழை நாளில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்த மகளைப் பார்த்து, “இனிமேல் வண்டியைத் தொடாதே!” என்று சொல்லாத வீடு உண்டா? அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல்லில் ஒரு வேலை போய்விடலாம். ஒரு படிப்பு நின்றுவிடலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தெரு ஓய்ந்திருக்கும்போது, பின் ஸீட்டில் நீங்கள் ஏறி உட்காருங்கள், அம்மா! “ஒரே ஒரு சுற்று போய் வரலாம், வா” என்று சொல்லிப் பாருங்கள்.