தொடாமல் எழுதும் எழுத்தாணி

நம் தமக்கையின் இளைய மகன் சென்ற கோடை விடுமுறையில் தன் வீடியோ கேம் பெட்டியைத் துணிப்பையில் சுமந்து நம் இல்லம் வந்தான். "மாமா, உள்ளே டிக், டிக்கென்று சத்தம் கேட்கிறது. காக்கா விளையாடி வைத்ததெல்லாம் போய்விடுமா?" என்றான். அவன் காக்கா பிழைப்பின் பொருட்டுத் துபாய் சென்று மூன்றாண்டுகள் ஆகின்றன. உடன்பிறந்தார் இருவரும் சேர்ந்து ஆடிய கால்பந்துப் பருவங்கள் நான்கு அப்பெட்டிக்குள் இருந்தன. தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன தெரியும்? கணினித் துறை நண்பர் விளக்க, நாம் கற்றதைச் சொல்கிறோம்.

2000ஆம் ஆண்டில் வந்த பிளேஸ்டேஷன் 2இல் ஆட்டநிலையைக் காக்க 8 மெகாபைட் அட்டையே துணை. 2001இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ், 8 கிகாபைட் வன்தட்டை உள்ளடக்கியே விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ ஆயிரம் மடங்கு!

வன்தட்டினுள் காந்தப் பூச்சுப் பெற்ற வட்டத் தகடு நிமிடத்திற்கு 5400 முறை, அதாவது நொடிக்குத் தொண்ணூறு முறை, சுழல்கிறது. அதன்மேல் ஒரு கரத்தின் நுனியில் எழுதவும் படிக்கவும் வல்ல தலை மிதக்கிறது. ஓலையில் எழுத்தாணி கீறினால்தான் எழுத்து. இங்கோ தொட்டால் எழுத்து அழியும். இடையில் இருப்பது சில நானோமீட்டர் காற்றே. வேண்டிய இடம் சுழன்று தலையின்கீழ் வரச் சராசரியாக ஐந்தரை மில்லிநொடி. கரம் தடம் தேடி நகரும் நேரம் தனி. சிறு பொழுதுதான். ஆயினும் ஆயிரம் துணுக்குகளை ஆயிரம் இடங்களில் தேடினால் ஆடுவோன் காத்திருக்க நேரும். அதனால் ஆட்டம் அமைப்போர் ஒரே பொருளைப் பல இடங்களில் படியெடுத்து வைத்தனர். 2018இல் வந்த ஸ்பைடர்மேன் ஆட்டத்தில் சில பொருள்கள் நானூறு முறை படியெடுக்கப்பட்டிருந்ததாக மார்க் செர்னி 2020இல் ஆற்றிய உரையில் குறிப்பிட்டார். அவ்வாண்டு வந்த பிளேஸ்டேஷன் 5இல் சுழலும் தகடே இல்லை.

மருமகனின் பெட்டியோ பழைய வகை. தடம் காணாத கரம் மீண்டும் மீண்டும் திரும்புவதே அந்த டிக் ஓசை. தட்டைக் கழற்றி வேறு கணினியில் படிக்கவும் வழியில்லை. அப்பெட்டிக்கே உரிய மறைகுறியால் அனைத்தும் எழுதப்பட்டிருந்தன. "ஆட்டத்தை மறுபடியும் பதிந்துகொள்ளலாம். சேமித்த நிலைகள் சில மெகாபைட்தான், பெட்டி விழித்தவுடன் அவற்றைப் பென்டிரைவில் எடுங்கள்" என்றார் நண்பர்.

மூன்றாம் முயற்சியில் பெட்டி விழித்தது. மூன்று பருவங்கள் பென்டிரைவுக்கு வந்து சேர்ந்தன. நான்காவது பாதியில் நின்றது. காக்கா புறப்படுவதற்கு முந்தைய இரவு ஆடியது அது. மருமகன் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு துபாய்க்குத் தொலைபேசியில் அழைத்தான்.