லங்காஷயரில் ஒரு வாசற்படி

இங்கிலீஷ்காரர் வீடு என்றால் நம்மவர்களில் பலருடைய மனத்தில் எழும் சித்திரம் ஒன்றுதான். சுற்றிலும் தோட்டம், நடுவே பங்களா, அகன்ற தாழ்வாரம், அதில் ஒரு சாய்வு நாற்காலி, நாற்காலியில் துரை, துரைக்குப் பின்னால் விசிறி போட ஒருவன், முன்னால் சலாம் போட ஒருவன். இந்தக் காட்சியை நம் பாட்டனார்கள் கண்ணாரக் கண்டார்கள். நாம் கதைகளிலும் சினிமாக்களிலும் கண்டோம்.

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுப்பது நம் தொழில். "லங்காஷயர் மில் துணி வந்து இறங்கியது; நம் நாட்டு நெசவாளியின் கை ஓய்ந்தது" என்று இருபது வருஷமாகக் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்லி வருகிறோம். அது உண்மை, அதில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால், அந்தத் துணியை நெய்தவர்கள் எப்படிப்பட்ட வீட்டில் குடியிருந்தார்கள், எங்கே சமைத்தார்கள், எங்கே குளித்தார்கள் என்று மாணவர் ஒருவரும் நம்மைக் கேட்டதில்லை. நாமும் யோசித்ததில்லை.

சென்ற கோடை விடுமுறையில் யோசிக்க ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. நம்மிடம் படித்த பெண் ஒருத்தி லங்காஷயரில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருக்கிறாள். "ஸார், லண்டனைத்தான் எல்லாரும் பார்க்கிறார்களே! எங்கள் ஊருக்கு வாருங்கள். நீங்கள் பாடத்தில் திட்டுவீர்களே, அந்த ஊர்தான்" என்று எழுதியிருந்தாள். இப்படி அழைத்தால் போகாமல் இருக்க முடியுமா?

மான்செஸ்டரில் ரயிலேறிப் போல்ட்டன் வழியாக வடக்கே போனால், மரமற்ற குன்றுகளுக்கு நடுவே டார்வென் என்ற சிறு பட்டணம் வருகிறது. வீடுகளெல்லாம் பழுப்பு நிறக் கல்லால் கட்டப்பட்டு, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் வரிசை வரிசையாகச் சரிவில் இறங்குகின்றன. அவற்றுக்கெல்லாம் மேலே, சுமார் 300 அடி உயரத்துக்கு ஒரு புகைபோக்கி நிற்கிறது. இத்தாலி தேசத்துக் கோயில் மணிக்கூண்டைப் போலச் சித்திர வேலைப்பாட்டுடன் 1860-களில் எழுப்பப்பட்டது. அந்த மில்லுக்கு என்ன பெயர் தெரியுமோ? "இந்தியா மில்"! நம்முடைய தேசத்தின் பெயரை இவ்வளவு உயரத்தில் வேறெங்கும் நாம் கண்டதில்லை. பெருமைப்படுவதா, வருத்தப்படுவதா என்று தீர்மானிப்பதற்குள் மழை வந்துவிட்டது.

நம் மாணவியின் அடுத்த வீட்டில் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மாள் தனியே வசிக்கிறார். அவருடைய தாயாரும் தாயாரைப் பெற்றவளும் நெசவு மில்லில் வேலை பார்த்தவர்கள். மறுநாள் மாலை நம்மைத் தேநீருக்கு அழைத்தார். பழைய கதை கேட்க ஆள் கிடைத்தால் எந்த ஊர்ப் பாட்டிக்குத்தான் உற்சாகம் பிறக்காது? தாம் பிறந்து வளர்ந்த வீட்டை ஒரு காகிதத்தில் படமாகவே போட்டுக் காட்டினார்.

கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, அவ்வளவுதான் வீடு. தெருவைப் பார்த்த முன்னறை மிகவும் விசேஷமானது. நல்ல நாற்காலிகள், சீனப் பீங்கான், தாத்தாவின் படம் எல்லாம் அதிலேதான். ஆனால் வீட்டார் அதில் உட்காரமாட்டார்கள்! ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ், கல்யாணம், சாவு, பாதிரியார் வருகை இவற்றுக்கு மட்டுமே அது திறக்கும். மற்ற நாளெல்லாம் வாழ்க்கை பின்னறையில். அங்கே ஒரு பெரிய இரும்பு அடுப்பு. அதுவே கணப்பு, அதுவே ரொட்டி சுடும் இடம், அதுவே வெந்நீர்த் தவலை. கொல்லைப்புறத்தில் நிலக்கரிக் கொட்டிலும் கக்கூஸும். சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு தகரத் தொட்டி. வெள்ளிக்கிழமை இரவு அந்தத் தொட்டி கணப்பின் முன்னால் இறங்கும். வெந்நீர் நிரப்பி ஒருவர் பின் ஒருவராக, அதே தண்ணீரில், வீட்டார் அனைவரும் குளிப்பார்கள். "நான் கடைக்குட்டி. என் முறை வரும்போது அதைத் தண்ணீர் என்று சொல்வது தாட்சிணியத்துக்காகத்தான்" என்று அம்மாள் சிரித்தார்.

விடியற்காலையில் தெருவை எழுப்புவதற்கென்றே அவருடைய பாட்டி காலத்தில் ஓர் ஆள் இருந்தாராம். நீண்ட கழியின் நுனியில் கம்பிகளைக் கட்டி, மாடி ஜன்னலைச் சுரண்டிவிட்டுப் போவார். வாரத்துக்குச் சில பென்னிகள் கூலி. அதன் பிறகு மரக்கட்டை அடிவைத்த செருப்புகள் நூற்றுக்கணக்கில் கல் பாவிய தெருவில் மில்லை நோக்கிச் சடசடக்கும். மில்லுக்குள்ளே தறிகளின் இரைச்சலில் காது கேளாது. ஆகையால் நெசவுப் பெண்கள் உதட்டசைவினாலேயே பேசிக்கொள்ளக் கற்றிருந்தார்கள். "தெருவுக்கு அந்தண்டை நிற்பவளோடு ஒரு சத்தமும் இல்லாமல் என் அம்மா ஊர்வம்பு அத்தனையும் பேசி முடித்துவிடுவாள், எங்களுக்கு ஒன்றும் புரியாது" என்றார்.

திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். இது ஏறக்குறைய ஒரு சட்டம். ஞாயிற்றுக்கிழமை வறுத்த இறைச்சியில் மிச்சம் இருக்குமாதலால் திங்களன்று சமையல் வேலை குறைவு. அதனால் அந்த ஏற்பாடு. கொப்பரையில் துணியைக் கொதிக்கவைத்து, தொட்டியில் போட்டுக் கோலால் குத்தி, இரண்டு உருளைகளுக்கிடையே கொடுத்துக் கைப்பிடியைச் சுழற்றிப் பிழிந்து, சந்தில் குறுக்கே கயிறு கட்டி உலர்த்தவேண்டும். மழை பெய்தால், லங்காஷயரில் அது பெய்யாமல் இருப்பதுதான் அதிசயம், ஈரத் துணியெல்லாம் அடுப்பறையில் தொங்கும். அன்றைக்கு வீடு முழுவதும் நீராவிதான்.

இவை எல்லாவற்றையும்விட நம் கவனத்தைக் கவர்ந்தது வாசற்படி. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் மண்டியிட்டு உட்கார்ந்து, வாசற்படியைக் கழுவி, அதன் விளிம்பை ஒரு வகைக் கல்லால் தேய்த்து வெள்ளையாகவோ பழுப்பாகவோ கோடிடுவாளாம். கல் பொடியும் சிமெண்டும் சேர்த்து அச்சிட்ட கட்டி அது. அதற்குக் 'கழுதைக் கல்' என்று பெயர். பழந்துணி வாங்க வருகிறவன் துணிக்குப் பதிலாக அந்தக் கல்லைக் கொடுத்துவிட்டுப் போவான். படி தேய்க்காத வீட்டைத் தெரு மன்னிக்காது. வீட்டுக்குள்ளே ரொட்டிக்கு வழியில்லாமல் இருக்கலாம். வாசற்படி மட்டும் வெளுப்பாக இருக்கவேண்டும். விடியலில் எழுந்து சாணம் தெளித்துக் கோலமிடும் நாட்டிலிருந்து போன நமக்கு, அந்த வெள்ளைக் கோட்டின் பொருளை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வறுமைக்கு நடுவிலும் திருவிழா உண்டு. வருஷத்தில் ஒரு வாரம் ஊரின் மில்கள் அனைத்தும் மூடப்படும். பழைய மாதா கோயில் திருநாளிலிருந்து வந்த வழக்கம் அது. அந்த வாரம் புகைபோக்கிகள் ஓய்ந்து, ஊர்க்காரர்கள் தங்கள் குன்றுகளைத் தெளிவாகப் பார்ப்பார்கள். பார்ப்பதற்கு ஊரில் யார் இருந்தார்கள்? கையில் காசுள்ளவர்களெல்லாம் பிளாக்பூல் கடற்கரைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். வாரம் சில பென்னியாக வருஷம் முழுவதும் சேர்த்த பணம் ஏழு நாளில் கரையும். சம்பளத்தோடு விடுமுறை என்பதற்கு 1938-இல்தான் சட்டம் பிறந்தது.

அம்மாளின் குழந்தைப் பருவம் யுத்தத்தோடு தொடங்கியது. 1940 ஜனவரியில் வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டுக்கு வந்தன. சில மாதங்களில் தேயிலையும் வந்தது. ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ் தேயிலை! தேநீர் இல்லாத இங்கிலாந்தை நினைத்துப் பாருங்கள். பங்கீடு முழுவதும் ஒழிய 1954 ஜூலை வரையில் பிடித்தது. "இனிப்புக்குச் சீட்டு வேண்டாம் என்று அறிவித்த அன்று எனக்குச் சொர்க்கம் திறந்தது" என்றார் அம்மாள். பக்கத்து வீட்டுக்காரி சர்க்கரை கடன் கேட்டால் ஒரு கிண்ணம் போகும்; மறுவாரம் அதே கிண்ணம் மாவோடு திரும்பும். தெருவில் ஒரு சாவு நேர்ந்தால் எல்லா வீட்டு ஜன்னல் திரைகளும் இழுத்து மூடப்படும். ஒருத்தி வீடு வீடாகப் போய் மலர்வளையத்துக்குக் காசு சேர்ப்பாள். இவற்றைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. "அந்தக் காலம் போல வராது" என்று நம் ஊர்ப் பாட்டிகள் சொல்லும் அதே குரலில் சொன்னார்.

நேயர்கள் இந்த இடத்தில் ஏமாந்துவிடக்கூடாது. நாமும் சிறிது ஏமாந்துதான் போனோம். பிறகு பர்மிங்ஹாம் நகரத்தில், ஏழைகளின் பழைய வீடுகளில் ஒரு முற்றத்தைப் பொருட்காட்சியாகக் காத்து வருவதைப் போய்ப் பார்த்தோம். முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள். தளத்துக்கு ஓர் அறை. பின்பக்கம் ஜன்னலும் கிடையாது, கதவும் கிடையாது. முற்றத்திலுள்ள கக்கூஸும் துணி துவைக்கும் கொட்டகையும் எல்லாருக்கும் பொது. 2004 முதல் ஜனங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு அதைப் பார்க்கிறார்கள். பார்த்த பிறகு டார்வென் வீடு நமக்கு அரண்மனையாகத் தோன்றியது. 1951-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அந்த நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு நிலையான குளியல் தொட்டியே இல்லை. உலகத்தின் கால்பங்கை ஆண்ட தேசத்தின் நிலைமை இது! 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகையும் பனியும் கலந்து லண்டனை மூடி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற பிறகே, 1956-இல் புகைக்கு எதிராகச் சட்டம் செய்தார்கள்.

இந்த வீடுகளின் உண்மையை நமக்கு வெகு காலம் முன்பே கண்டறிந்தவர் ஒருவர் உண்டு. 1931-இல் வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்ற காந்தியடிகள், பெரிய ஹோட்டல்களை விட்டு, லண்டனில் ஏழைகள் வாழும் போ என்ற பகுதியில், கிங்ஸ்லி ஹாலில் தங்கினார். செப்டம்பர் மாதக் கடைசியில் டார்வெனுக்கும் வந்தார். உலகத்து வியாபார மந்தம், ஜப்பானியப் போட்டி, நம் அந்நியத் துணி பகிஷ்காரம் எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் அப்பொழுது வேலையிழந்திருந்தார்கள். கல்லெறிவார்கள் என்று எதிர்பார்க்கவேண்டிய இடத்தில் அவரைக் கைதட்டி வரவேற்றார்கள். மில் பெண்களின் நடுவே அவர் நிற்கும் புகைப்படத்தை நேயர்கள் பார்த்திருக்கலாம். இந்திய ஏழையின் நிலைமையை அவர் எடுத்துச் சொன்னார். பகிஷ்காரத்தை விட்டுவிடுவதாகச் சொல்லவில்லை. பசியை அறிந்தவர்களுக்கு அது புரிந்தது. "என் அம்மா அப்பொழுது சிறுமி. கூட்டத்தில் நின்று பார்த்தாளாம். குளிரிலே இவருக்கு ஒரு கம்பளிக் காலுறை கொடுப்பார் இல்லையே என்று என் பாட்டி வருத்தப்பட்டாளாம்" என்றார் அம்மாள்.

யுத்தத்துக்குப் பிறகு பல ஊர்களில் இத்தகைய தெருக்களை இடித்துத் தள்ளி, குளியலறையுள்ள புது வீடுகளையும் அடுக்கு மாடிகளையும் கட்டினார்கள். அப்பொழுது ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. கிழக்கு லண்டனை ஆராய்ந்து மைக்கேல் யங், பீட்டர் வில்மட் என்ற இருவர் 1957-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கூப்பிடு தூரத்தில் தாயும் மகளும் வாழ்ந்த தெருவை விட்டு நல்ல வீட்டுக்குக் குடிபோன பெண்கள் தனிமையில் வாடினார்கள் என்பதை அவர்கள் கண்டார்கள். தண்ணீர்க் குழாய் வந்தது. சர்க்கரைக் கிண்ணம் நின்றுவிட்டது.

விடைபெறும்போது நாம் அம்மாளை ஒன்று கேட்டோம். "அந்தப் பழைய வீட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தால் போய் இருப்பீர்களா?"

அவர் யோசிக்கவே இல்லை. "ஒரு நாளும் மாட்டேன். எனக்கு வேண்டியது அந்தத் தெரு. அந்த வீடு அல்ல. என் அம்மா மில்லிலும் பத்து மணி நேரம் உழைத்தாள், வீட்டிலும் உழைத்தாள். அவள் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. படி தேய்த்த முழங்கால் கடைசி வரையில் அவளுக்கு மடங்கவில்லை. அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்கிறேனே, அது எங்களுக்கு, அவளுக்கு அல்ல." பிறகு நம்மை நிமிர்ந்து பார்த்து, "உங்கள் ஊரில் திங்கட்கிழமைத் துணியை யார் துவைத்தார்கள்?" என்று கேட்டார்.

"எங்கள் அம்மா."

"எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்?"

நமக்குத் தெரியவில்லை. சிறு வயதில் நாம் கண் விழிக்கும்போது கோலம் போட்டிருக்கும், துணி கொடியில் உலர்ந்துகொண்டிருக்கும், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அதற்கு முன்னால் நடந்தது எதையும் நாம் பார்த்ததில்லை. இருபது வருஷமாகச் சரித்திரம் போதிக்கும் நாம் அந்த அம்மாளின் முன் பதில் தெரியாத மாணவனாக நின்றோம்.

ஊர் திரும்பிய மறுநாள் அம்மாவிடம் கேட்டோம்.

"நாலு மணிக்கு" என்றாள் அம்மா. "ஏன், இத்தனை வருஷம் கழித்து இப்பொழுது என்ன வந்தது?"