பூச்சியம் இருக்கும் இடம்

கணக்குக்கும் எனக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். ஆயினும் பத்திரிகைத் தொழிலில் எண்களிடமிருந்து தப்ப முடிவதில்லை.

ஒரு நிறுவனத்தின் மூன்றாண்டு நட்டத்தைச் சலாகை வரைபாக்க வேண்டியிருந்தது: −40, −25, −10 கோடி ரூபா. சலாகைகள் யாவும் கீழ்நோக்கித் தொங்கின. பக்கத்துக்கு அழகில்லை என்றனர். உதவி ஆசிரியரான தம்பி ஒருவர் எக்செலில் வழி காட்டினார்.

"அண்ணை, ஆகக் குறைந்த எண்ணை ஒவ்வொன்றிலிருந்தும் கழியுங்கோ."

−40ஐக் கழிப்பது 40ஐக் கூட்டுவதே. 0, 15, 30 என வந்தன. இடைவெளி முன்போலவே 15.

வியந்தேன், பின்னர் தயங்கினேன். வித்தியாசம் பிழைத்தது, விகிதம் பிழைக்கவில்லை. முதலாண்டு நட்டம் மூன்றாமாண்டினதைப் போல் நான்கு மடங்கு என்ற செய்தி மறைந்தது. 10 கோடி நட்டம் 30 கோடி இலாபமாகத் தோற்றம் காட்டியது.

செல்சியஸ் அளவோடு 273.15ஐக் கூட்டிக் கெல்வின் ஆக்குவதும் இத்தகைய நகர்த்தலே. ஆனால், அங்கே அலகின் பெயரும் மாறுகிறது, எவரும் ஏமாறுவதில்லை.

பழைய எண்களையே அச்சுக்கு அனுப்பினேன். பூச்சியத்தை நகர்த்தலாம், தவறில்லை. நகர்த்தியதை வாசகரிடம் சொல்லாமல் விடுவதே தவறு.