கம்பும் வாளும்

கலைகள் யாவர்க்கும் பொது என்று கூறுவது எளிது. ஆயினும் ஒவ்வொரு கலைக்கும் ஒரு வாயிலும், அவ்வாயிலுக்கு ஒரு காவலும் இருந்தே வந்துள்ளன. நோட்டன் பிரிட்ஜை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்த எனக்கு இவ்வுண்மையை முதலில் உணர்த்தியது சிலம்பமே. மாரியம்மன் திருவிழாவுக்கு முந்திய வாரங்களில், மாலைதோறும் கோயில் முன்றிலில் என் பாட்டனார் இளைஞர்க்குக் கம்பு சுற்றக் கற்பிப்பார். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு என் அக்காள் ஓரமாக நின்று பார்ப்பாள். கால்வரிசை முழுவதும் அவளுக்கு மனப்பாடம். எனினும் அவள் கையில் எவரும் கம்பைக் கொடுத்ததில்லை.

பிற்காலத்திற் பிரெஞ்சு வாள்வீச்சின் வரலாற்றைப் படித்தபோது, அங்கும் இதே வாயிலையும் காவலையும் கண்டேன். 1567இல் ஒன்பதாம் சார்ள்ஸ் மன்னன் பாரிஸ் நகரத்து வாளாசான்களின் கழகத்துக்கு அரச அங்கீகாரம் அளித்தான். வாள் அன்று உயர்குடியின் அடையாளம். 17ஆம் நூற்றாண்டில் முனை மழுங்கிய மெல்லிய பயிற்சிவாள் அங்கு உருப்பெற்றது. அதனைப் ‘புளொரே’ என்பர். கொல்லுதலன்று, விதிப்படி தொடுதலே வெற்றி என்றாயிற்று. தாக்க முற்பட்டவனுக்கே முதலுரிமை. எதிராளி அதனைத் தடுத்த பின்னரே திருப்பித் தாக்கலாம் என்னும் ஒழுங்கும் வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டிற் கம்பிவலை முகக்கவசம் வந்தபின், கண்ணிழக்கும் அச்சமின்றி விரைந்தாட இயன்றது.

அக்கவசத்தை அமைத்தவராகக் கூறப்படும் லா புவாசியேர் என்ற ஆசானிடமே யோசெப் பொலோஞ் பயின்றார். 1745இல் குவாதலூப் தீவில், தோட்ட முதலாளி ஒருவருக்கும் அடிமைப் பெண்ணொருத்திக்கும் பிறந்தவர் அவர். பிரான்சின் தலைசிறந்த வாள்வீரருள் ஒருவராகவும், இசைவாணராகவும் விளங்கினார். பாரிஸ் இசைநாடக அரங்கின் தலைமைக்கு அவர் பெயர் கருதப்பட்டபோது, கலப்பினத்தவர் ஒருவரின் கீழ்ப் பணிபுரியோம் எனக் கலைஞர் சிலர் அரசியிடம் முறையிட்டனர். அரங்கம் பிறப்பைக் கேட்டது; வாள்முனை கேட்கவில்லை. தொட்டது தொட்டதே.

குவாதலூப் நமக்கு முற்றிலும் அந்நியமான தீவன்று. 1848இல் அங்கு அடிமைமுறை ஒழிந்தபின், 1854 முதல் அதன் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழரும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்துவந்த காலமும் அதுவே. அத்தீவின் மகளான லோரா பிளெசெல், 1996இல் அற்லாண்டா ஒலிம்பிக்கில் ‘எப்பே’ வாட்போட்டியில் பிரான்சுக்காக இரு தங்கப் பதக்கங்களை வென்றார். பெண்களுக்கு ஒலிம்பிக்கிற் புளொரே 1924இல் திறந்தது. எப்பே அவர் வென்ற அவ்வாண்டிலேயே திறந்தது. ‘சேபர்’ 2004வரை காத்திருந்தது.

அதே 2004இல் சென்னையிற் பள்ளி மாணவியாயிருந்த பவானி தேவி வாள்வீச்சைக் கற்கத் தொடங்கினார். வாள்கள் விலைமிக்கவையாதலின் தொடக்கத்தில் மூங்கிற் கழிகளாலேயே பயின்றார். 2021இல் டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக்கிற் பங்குபற்றிய முதல் இந்திய வாள்வீச்சாளர் அவரே. முதற் போட்டியில் துனிசிய வீராங்கனையை 15–3 என வென்றார். அடுத்ததில் பிரான்சின் மனோன் புருனேயிடம் 7–15 எனத் தோற்றார். உலகெங்கும் போலவே அங்கும் நடுவரின் கட்டளைகள் பிரெஞ்சு மொழியிலேயே ஒலித்தன. மூங்கிற் கழியிலிருந்து அம்மேடை வரை ஒரு தமிழ்ப்பெண் சென்றதை, அத்தோல்வி சிறிதும் குறைக்கவில்லை.

விதி நடுநிலையானது, ஆனால் அது தானாக வாயிலைத் திறப்பதில்லை. பொலோஞ்சுக்கு ஓர் ஆசானும், பவானி தேவிக்கு ஒரு பள்ளியும் வாய்த்தமையை நாம் மறத்தலாகாது. மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த நாம், விடுமுறைக்கு ஊர் திரும்புங்கால் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் தோட்டங்களிற் கம்புக்குப் பஞ்சமில்லை. அதனைச் சிறுமியர் கையிலும் கொடுக்கும் மனமே இனி வேண்டுவது.