காட்டித் தருதல்

18ஆம் வயதில் ஓர் இயந்திரப் பட்டறையில் பயிலுநனாகச் சேர்ந்தபோது எனக்கு இடப்பட்ட முதல் பணி, உள்ளங்கையளவு இரும்புத் துண்டொன்றை வைஸில் இறுக்கி, தட்டை அரத்தால் அராவி, அதன் முகத்தைச் சமதளமாக்குவது. எங்களுக்கு வாய்த்த பயிற்றுநர் தொழிலில் மகா நிபுணர். அரத்தை எடுத்தார், மின்னல் வேகத்தில் இருபது முறை தள்ளினார், மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார், 'இவ்வளவுதான்' என்று சொல்லி அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அந்த லாவகத்தைக் கண்டு பிரமித்து நின்றேனேயன்றி, அதற்குள் ஒளிந்திருந்த சூட்சுமம் எனக்குப் பிடிபடவில்லை. மூன்று நாள் பிரயாசைக்குப் பின் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே ஏந்திப் பார்த்தேன். நடுப்பகுதி மட்டும் பொருந்தி, இரு ஓரங்களிலும் ஒளிக்கீற்று கசிந்தது. துண்டு ஆமை முதுகாய்ப் புடைத்திருந்தது.

என் வாட்டத்தைக் கவனித்த முதிய தொழிலாளி ஒருவர், "எதிரே நின்று பார்த்தால் இடம் வலமாகிவிடும், தம்பி; என் தோளுக்குப் பின்னால் வா" என்று அழைத்தார். முதலில் ஒரு முறை பேசாமலே செய்தார். மறுமுறை, ஒவ்வோர் அசைவையும் நிறுத்தி நிறுத்திக் காரணத்தோடு விளக்கினார். அரத்தின் பற்கள் முன்நோக்கி இருப்பதால் தள்ளும்போதுதான் அது வெட்டும் என்பதும், திரும்ப இழுக்கையில் அழுத்தினால் பற்கள் மழுங்குமென்பதும், தள்ளத் தொடங்குகையில் அரத்தின் நுனியிலுள்ள இடக்கையிலும், நடுவில் இரு கைகளிலும் சமமாகவும், முடிவில் பிடியிலுள்ள வலக்கையிலும் பாரம் மாற வேண்டுமென்பதும், மாறாவிடில் அரம் ஊஞ்சலாடி ஓரங்களைத் தின்றுவிடுமென்பதும் அன்றுதான் எனக்கு விளங்கின. பிறகு அரத்தை என்னிடம் தந்து, செய்துகொண்டே காரணத்தையும் சொல்லச் சொன்னார். தம் கைகளையோ முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அமெரிக்காவில், முதல் உலக யுத்தத்தின்போது கப்பல் கட்டும் தொழிலாளரைப் பயிற்றுவிப்பதில் ஈடுபட்டிருந்த சார்ல்ஸ் ஆலன், 1919இல் வெளியிட்ட நூலில், மாணவனை ஆயத்தப்படுத்துதல், காட்டுதல், செய்ய வைத்தல், சோதித்தல் என நான்கு படிகளை வகுத்தார். அம்முறையே இரண்டாம் உலக யுத்த காலத்தில் அந்நாட்டுத் தொழிற்சாலைப் பயிற்சிக்கு அடிப்படையாகி, யுத்தத்துக்குப் பின் ஜப்பானுக்கும் சென்றது. நானே பயிற்றுநனான பின் இந்த வரலாற்றைப் படித்தபோது, எந்த நூலையும் அறியாத அம்முதியவரின் முகமே என் நினைவில் எழுந்தது.

வித்தை கைவந்தவனுக்கு அதன் படிகள் உடம்பில் கரைந்து மறைந்துவிடுகின்றன. ஆகவேதான் அவன் வேகமாகச் செய்வது கற்பவனுக்குக் காட்சியாகிறதே ஒழியப் பாடமாவதில்லை. கரைந்ததை மீண்டும் படிப்படியாகப் பிரித்தெடுத்து, கற்பவனின் கண் நிற்கும் இடத்தில் வைப்பதே காட்டித் தருதல். அதனினும் கடினமானது, காட்டிய கையை உரிய தருணத்தில் விலக்கிக்கொள்வது. மாணவனின் அரம் தடுமாறும்போதெல்லாம் அதைப் பிடுங்கிச் சரிசெய்ய என் விரல்கள் இன்றும் துடிக்கின்றன. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருக்கிறேன், அவன் தானே மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தும் வரையில்.