மூன்றாவது சொந்தக்காரன்

பழைய கார் வாங்குகிறவனைப் பற்றி உலகத்தில் அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது. புதுக் கார் வாங்குகிறவனுக்கு மாலை போடுகிறார்கள். கேக் வெட்டச் சொல்கிறார்கள். அட்டையில் பெரிதாகச் செய்த சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கிறார்கள். பழைய கார் வாங்குகிறவன் ஓர் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் அடியில் வைத்து நசுக்கிவிட்டுச் சத்தம் போடாமல் வீடு வந்து சேருகிறான். வண்டி நன்றாக ஓடினால், 'அதிர்ஷ்டம்' என்கிறார்கள். நடுவழியில் நின்றுவிட்டால், 'பழைய வண்டி வாங்கினால் இப்படித்தான்' என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் வண்டியைச் செய்தவனுடைய பெயர் அடிபடுவதே இல்லை.

எனக்கு அந்த இரண்டாவது பேச்சின் மேல்தான் கோபம்.

என் கார் என்னிடம் வந்தபோது அதற்கு எட்டு வயது. முதலில் ஒரு டாக்டர் வைத்திருந்தார், அவரிடமிருந்து ஒரு பாங்க் அதிகாரி வாங்கினார், அவரிடமிருந்து நான். விலை 2,60,000 ரூபாய். வண்டி 78,000 கிலோ மீட்டர் ஓடியிருந்தது. டாக்டர் காலத்திலிருந்து எண்ணெய் மாற்றிய ரசீதுகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் தேதிவாரியாக இருந்தன. என் கல்யாணச் செலவுக் கணக்கைக்கூட யாரும் அவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கவில்லை.

ஏழாவது மாதம், காஞ்சீபுரம் போகிற வழியில், என்ஜினுக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுகிறாற்போல் ஒரு சத்தம் கேட்டது. ஓரமாக நிறுத்துவதற்குள் தட்டினவர் ஓய்ந்துவிட்டார். வண்டியும் ஓய்ந்துவிட்டது.

எங்கள் பேட்டையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஆயில் சேம்பரைக் கழற்றினார். அடியில் தங்கியிருந்த எண்ணெயை விரலால் தொட்டு வெயிலில் காட்டினார். ஜரிகைப் பொடி ஒட்டிக்கொண்டதுபோல் விரல் மினுமினுத்தது.

“பேரிங் போயிடுச்சு சார். கிராங்கும் போச்சு. ஒண்ணு நாப்பது ஆகும்.”

ஒன்று நாற்பது என்றால் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். வாங்கின விலையில் பாதிக்கு மேல்.

“எண்ணெய் சரியா மாத்தலையா பாய்?”

“எண்ணெய்ல குறை இல்ல சார். ரசீதெல்லாம்தான் பாத்தேனே. இதே மாடல், இதே வருஷம், நான் பிரிக்கிற நாலாவது வண்டி இது. நாலுலயும் இதே எடம்தான்.”

அந்த நாலில் ஒன்று வாடகைக்கு ஓட்டுகிற ஒருவருடையதாம். ரிப்பேருக்குப் பணம் புரளவில்லை. வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, வாங்கின கடனுக்குத் தவணையும் கட்டிக்கொண்டு, இப்போது வேறொருவர் காருக்கு டிரைவராக இருக்கிறார். எனக்கு இரண்டு தொடர்கதைகளின் சன்மானம் போயிற்று. அவருக்குச் சொந்தத் தொழிலே போய்விட்டது.

கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குப் போனேன். மானேஜர் ரொம்ப மரியாதைக்காரர், காப்பி கொடுத்தார். “வாரண்டி முடிஞ்சு பல வருஷம் ஆச்சு சார். அதுவுமில்லாம நீங்க தேர்ட் ஓனர்” என்றார். பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வந்துவிட்ட தூரத்து உறவினரிடம் பேசுகிற குரல் அது. தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வரியில் பதில் வந்தது. கடைசி வரியில், தங்கள் வண்டியைத் தேர்ந்தெடுத்ததற்காக எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். நானும் அவர்களுடைய வாடிக்கைக்காரன்தான் என்று அவர்கள் ஒப்புக்கொண்ட ஒரே இடம் அதுதான்.

கம்பெனியின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். டயர் தேயும், கிளட்ச் பிளேட் தேயும், பாட்டரி சாகும். எண்ணெயே மாற்றாமல் ஒருவர் ஐந்து வருஷம் ஓட்டிவிட்டு என் தலையில் கட்டினால், செய்தவனைப் போய்க் கேட்பது அழகல்ல. ஆகவே வாரண்டிக்கு ஒரு கெடு இருப்பதில் தப்பில்லை. ஆனால் தேய்மானம் வேறு, பிறவிக் கோளாறு வேறு. தேய்மானம் என்பது சொந்தக்காரனுக்கும் சாலைக்கும் உள்ள விவகாரம். பிறவிக் கோளாறு, வண்டி தொழிற்சாலை வாசலைத் தாண்டிய அன்றைக்கே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வெளியே தெரியச் சில வருஷம் ஆகிறது, அவ்வளவுதான்.

இதற்குக் கற்பனை வேண்டாம். அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்கலாம். தென் கொரியாவின் ஹூண்டாய், கியா கம்பெனிகள் அங்கே விற்ற பல கார்களில் 'தீட்டா 2' என்ற என்ஜின் இருந்தது. கிராங்க் தண்டுக்குள் எண்ணெய் போவதற்கு மெல்லிய துவாரங்கள் உண்டு. அவற்றைக் கடைகிறபோது விழும் உலோகச் சீவல்களைச் சுத்தமாகக் கழுவி எடுக்க வேண்டும். அலபாமா தொழிற்சாலையில் அந்த வேலை சரியாக நடக்கவில்லை. மிச்சமிருந்த சீவல் எண்ணெயின் வழியை அடைத்தது. எண்ணெய் கிடைக்காத பேரிங் சூடாகித் தேய்ந்தது. முதலில் தட்டுகிற சத்தம், பிறகு ஓடுகிற ஓட்டத்தில் என்ஜின் நின்றுவிடுவது. 2015-ல் சுமார் 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2017-ல் இரண்டு கம்பெனிகளுமாக இன்னும் சுமார் 12 லட்சம் கார்களை அழைத்தன.

இதில் ஒரு மனிதரை நினைத்துக்கொள்ள வேண்டும். கிம் குவாங்-ஹோ என்ற எஞ்சினீயர் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஹூண்டாயில் வேலை பார்த்தவர். கம்பெனி தனக்குத் தெரிந்ததை முழுதாகச் சொல்லவில்லை என்று 2016-ல் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு இலாகாவிடம் போய்ச் சொன்னார். அந்த வருஷமே அவருக்கு வேலை போயிற்று. 2020 நவம்பரில், வண்டிகளைத் திரும்ப அழைப்பதில் தாமதம் செய்தார்கள் என்பதற்காக இரண்டு கம்பெனிகளுக்கும் சேர்த்து 21 கோடி டாலர் என்று இலாகா முடிவு கட்டியது. அடுத்த வருஷம் கிம்முக்கு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கொடுத்தது.

எனக்கு அபராதத்தைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. கார்க்காரர்கள் எல்லோருமாகப் போட்ட வழக்கில் 2019-ல் ஒரு சமரசம் ஏற்பட்டது. 2021-ல் கோர்ட்டும் அதை ஏற்றது. அதன்படி சுமார் 40 லட்சம் கார்களுக்கு, குறிப்பிட்ட அந்தப் பேரிங் கோளாறு மட்டும் வந்தால், ஆயுள் முழுவதும் உத்தரவாதம். அதுவும் முதலில் வாங்கினவருக்கு மட்டுமல்ல. பழைய கார் வியாபாரிகள் நீங்கலாக, அவருக்குப் பின்னால் வாங்கினவர்களுக்கும்! சத்தத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற ஏற்பாட்டை வண்டியில் செய்துகொண்டிருக்க வேண்டும். அடியோடு பராமரிக்காமல் பாழாக்கியிருக்கக் கூடாது. நிபந்தனை நியாயமானதுதான். மூன்றாவது சொந்தக்காரன் என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை.

'உனக்கு நான் விற்கவில்லையே' என்ற பதில் மிகவும் பழையது. 1916-லேயே நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த கோர்ட் அதைத் தள்ளிவிட்டது. மக்ஃபர்சன் என்பவர் ஒரு வியாபாரியிடம் ப்யூக் கார் வாங்கினார். சக்கரத்தின் மர ஆரங்கள் சொத்தை. அவை நொறுங்கி மனிதர் அடிபட்டார். சக்கரத்தைச் செய்ததோ வேறொரு கம்பெனி. இருந்தாலும், சோதித்துப் பார்த்து அனுப்ப வேண்டிய பொறுப்பு காரைச் செய்தவருடையது, வாங்கியவர் யாரிடம் வாங்கினால் என்ன என்று நீதிபதி கார்டோஸோ தீர்ப்பு எழுதினார்.

ஆனால் அது உடம்பில் அடிபட்ட வழக்கு. பையில் மட்டும் அடிபட்டால் சட்டத்தின் மனசு அவ்வளவு இளகுவதில்லை. நம் நாட்டில் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைச் செய்தவருடைய பொறுப்பு என்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. ஆனால் எதெல்லாம் தீங்கு என்று சொல்லும் இடத்தில், அந்தப் பொருளுக்கே நேர்ந்த கேடு சேராது என்றும் எழுதியிருக்கிறது. என்ஜின் வெடித்து என் கையைப் பொசுக்கினால் அது தீங்கு. தன்னையே பொசுக்கிக்கொண்டால் அல்ல! குறைபாடுள்ள பொருள் என்று வேறு பிரிவில் புகார் கொடுக்கலாம்; ஆனால் குறை பிறவியிலேயே இருந்தது என்று மெய்ப்பிக்கிற பாரம் என் தலையில். சர்க்காரே வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தையும் 2019-ல் திருத்தினார்கள். 2021-ல் அமுலுக்கு வந்த அதன் விதிகள் ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். என் வண்டிக்கு எட்டு முடிந்துவிட்டது.

நான் சட்டம் படித்தவனல்ல; கதை எழுதுகிறவன். கதை எழுதுகிறவன் முதலில் கேட்டுக்கொள்கிற கேள்வி, 'இந்த விஷயம் யாருக்கு எப்போது தெரியும்?' என்பது. பாய்க்கு நாலு வண்டியைத் தெரியும். நாலு வண்டியை வைத்து ஒரு கம்பெனியின்மேல் குற்றம் சாட்ட முடியாது, நானும் சாட்டவில்லை. ஆனால் தேசம் முழுவதிலுமிருந்து அந்த மாடலுக்கு எத்தனை கிராங்க், எத்தனை பேரிங் கேட்டு ஆர்டர் வந்தது என்ற கணக்கு கம்பெனியிடம் இருக்கிறது. பத்துப் பேருக்குப் போனால் அது ஓட்டினவர்களின் குறையாக இருக்கலாம். ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் போனால் அவ்வளவு பேரும் எண்ணெய் மாற்ற மறந்தவர்களாக இருக்க முடியாது. கணக்கு ஒருவனிடம், மெய்ப்பிக்கிற பாரம் மற்றவனிடம் என்பது என்ன நியாயம்? மாடல்வாரியாக, வருஷவாரியாக அந்தக் கணக்கை வெளியிட வேண்டும் என்று சர்க்கார் ஓர் உத்தரவு போட்டாலே பாதி வழக்குகளுக்கு வேலை இராது.

மீதிப் பாதிக்கும் வழி இருக்கிறது. ஆர்.ஸி. அட்டையில் என்ஜின் நம்பர் என்று ஒன்று இருக்கிறது. அதை டாக்டர் எழுதவில்லை, பாங்க் அதிகாரி எழுதவில்லை, நானும் எழுதவில்லை. செய்தவர்களே இரும்பில் அடித்து அனுப்பினார்கள். கை மாறும்போதெல்லாம் எங்கள் பெயர் மாறுகிறது. அந்த நம்பர் மாறுவதில்லை. பிறவிக் கோளாறு என்று தெரிந்துவிட்டால், 'நீ யார்?' என்று கேட்க வேண்டாம். அந்த நம்பரைப் பார்த்துப் பதில் சொன்னால் போதும்.