மேக் மினியா, அசெம்பிள் பெட்டியா?

ஒரு மாதமாக நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். என் முனைவர் பட்ட ஆய்வு கல்வராயன் மலைக் காடுகள் பற்றியது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம். ஆனால் இருபது வருடப் படங்களை ஒப்பிடச் சொன்னால் என் பழைய லேப்டாப் மூச்சு வாங்குகிறது.

கையில் இருப்பது அப்பா மரவள்ளிக்கிழங்கு விற்ற 60,000 ரூபாய். தப்பான பெட்டியை வாங்கிவிட்டால் அடுத்த வெள்ளாமை வரை காத்திருக்க வேண்டும்.

எனக்கு ஆசை, 2024-இல் வந்த எம்4 மேக் மினி மேல்தான். சின்னப் பெட்டி, சத்தமில்லை, கரண்டும் அதிகம் இழுக்காது. வந்தபோது இந்திய விலை ரூ.59,900. ஆனால் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் தனி. 16 ஜிபி ரேமோடு வாங்கினால் கடைசிவரை 16தான், பிறகு கூட்ட முடியாது. கியூஜிஐஎஸ் அதில் நன்றாக ஓடும். என் ஆய்வுக்கு வேண்டிய ஆர்க்ஜிஐஎஸ் புரோவோ விண்டோஸுக்கு மட்டுமே.

அப்பாவிடம் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கெட்டுப்போனா எங்கடா தூக்கிட்டுப் போவ?" என்றார். டிராக்டர் வாங்கும்போதும் இதைத்தான் கேட்டார்!

அசெம்பிள் பெட்டி என்றால் கள்ளக்குறிச்சியிலேயே திறந்து பார்ப்பார்கள். ரேமைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். மானிட்டர், யுபிஎஸ் சேர்த்தும் கையிலிருந்த பணத்துக்குள் முடிந்தது.

ஆய்வுக்குக் கணினி வாங்கப்போகும் நண்பர்களே, முதலில் உங்கள் மென்பொருள் எதில் ஓடும் என்று பாருங்கள். அடுத்து, ரிப்பேர் எங்கே என்று கேளுங்கள். வேகமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மேக் மினி ஆசை மட்டும் இன்னும் போகவில்லை :)